பெண் பார்க்க வந்த வாசலில் ஒரு கல்லறை

மௌலா அலி ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் தெருவில், ஒரு வீட்டை ரயில்பெட்டி என்று நினைத்து ஒரு மனிதர் ஏறி உட்கார்ந்துவிட்டார். நடந்தது எழுபத்து நாலாம் வருஷம். வீட்டுக்காரர் சூசைநாதன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் வேலை பார்த்தவர். ஈஸ்டருக்கு ஈஸ்டர் வீட்டுக்கு வர்ணம் அடிப்பார். நாள் முழுக்க ரயில்பெட்டியையே பார்த்த கண் அல்லவா, செங்காவியைத் தவிர வேறெதுவும் அவருக்கு நிறமாகவே படாது. ஜன்னலுக்குக் கீழே ஒரு மஞ்சள் பட்டையும் இழுத்திருந்தார். வாசலில் மூன்று படி. விடியற்காலையில் காஜிப்பேட்டை பாசஞ்சரைப் பிடிக்க ஓடிவந்த அந்த ஆள், படுக்கைச் சுருட்டோடு மூன்று படியும் ஏறி, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, "இது எப்பங்க கிளம்பும்?" என்று கேட்டார். சூசைநாதனின் மனைவி அவருக்குக் காபி கொடுத்தார். குடித்துவிட்டு, "ரயில் காபி இப்பல்லாம் தேவலை" என்றார். பத்தரை மணி வரை வண்டி நகராததில் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

நான் முப்பத்தாறு வருஷம் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவன். ஒரே சிக்னலில் இரண்டு நாள் நின்று, தண்டவாளத்துக்குப் பக்கத்து வீட்டில் நடந்த கல்யாணத்தில் மூன்று பந்தி பரிமாறிவிட்டுத் திரும்பி வந்து வண்டியில் ஏறியவன். ஆகவே அந்த ஆளின் பொறுமையில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் தெருவில் யாரும் இதை நம்புவதில்லை. முனையில் பேக்கரி வைத்திருக்கும் அப்துல் ரஹீம், நான் படியேறும்போதே, "நக்கோ கார்டு சாப், காலங்காத்தால கதை வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

அந்த வீட்டில் இப்போது இருப்பது சூசைநாதனின் மகள் ஆரோக்கியமேரியும் அவள் புருஷன் லட்சுமணனும். செங்காவி போய் வெள்ளை வந்து பல காலம் ஆயிற்று. மாறாத ஒன்று, ஈஸ்டருக்கு வாசலில் எழும்பும் கல்லறை.

கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். இவர்கள் ஈஸ்டருக்கு, ஆண்டவர் உயிர்த்தெழுந்து வந்த கல்லறையைக் கட்டுவார்கள். மூங்கில் பிளாச்சில் ஒரு கூடு. அதன் மேல் சாக்கு. சாக்கின் மேல் களிமண்ணையும் சிமெண்டையும் குழைத்து ஒரு பூச்சு. தூரத்திலிருந்து பார்த்தால் மௌலா அலி மலையே ஒரு குட்டி போட்டு வாசலில் விட்டுப் போன மாதிரி இருக்கும். குகையின் வாயை மூடும் கல் என்பது உண்மையில் மின்சாரக் கம்பி சுற்றி வரும் பெரிய மரச்சக்கரத்தின் ஒரு பக்கம். சாக்கு ஒட்டிச் சாம்பல் நிறம் பூசியது. சரிவாக வைத்த இரும்புப் பட்டையின் மேல் அது நிற்கும். உருளாமல் ஒரு ஆப்பு பிடித்திருக்கும். ஆப்பில் கட்டிய கயிறு சுவரோரமாகப் போய், வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு மரக்குமிழோடு தொங்கும். குமிழை இழுத்தால் ஆப்பு விலகும். கல் கடகடவென்று ஓரத்துக்கு உருளும். உள்ளே ஒரு பல்ப் எரியும். மடித்து வைத்த வெள்ளைத் துணியும் கை நிறையச் சம்பங்கியும் தெரியும். அவ்வளவுதான். உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். இல்லாததுதான் விசேஷம்.

காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் கயிற்றை இழுக்க வேண்டும். இழுப்பது யார் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு வழக்கம். குடும்பத்துக்குக் கடைசியாக யார் வந்து சேர்ந்தார்களோ அவர்தான். கல்யாணமான வருஷம் லட்சுமணன் இழுத்தார். அனுபமா பிறந்த வருஷம், ஐந்து மாதக் குழந்தையின் கையைக் குமிழின் மேல் வைத்து அழுத்தி இழுத்தார்கள். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷமாக அவளேதான் இழுத்துக்கொண்டிருக்கிறாள். வேறு யாரும் வந்து சேரவில்லை.

லட்சுமணன் கதையையும் சொல்லிவிட வேண்டும். அவர் இந்து. அதே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஆரோக்கியமேரியைக் கேட்டு வந்து நின்றபோது சூசைநாதன் அவரை மேலும் கீழும் பார்த்து, "நீ மாறவும் வேணாம், சீர் கொண்டாறவும் வேணாம். வருஷா வருஷம் கல்லறைய நீ கட்டணும். ஒரு வருஷம் தப்பினாலும் என் பொண்ண நான் கூட்டிக்கினு பூடுவேன்" என்றார். லட்சுமணன் ஒப்புக்கொண்டார். பெண் அன்றைக்கும் இன்றைக்கும் அப்பன் வீட்டில்தான் இருக்கிறாள் என்பது வேறு விஷயம். சூசைநாதன் போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் எந்த ஈஸ்டரிலாவது வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் லட்சுமணனுக்கு இன்னும் விடவில்லை.

போன ஈஸ்டருக்கு முந்தின நாள், சனிக்கிழமை. வெயில் எப்படி என்றால், ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் பேசும் பெண்மணியின் குரல் பதினோரு மணிக்கே உருகிச் சொட்ட ஆரம்பித்திருந்தது. நான் லட்சுமணன் வீட்டில் முட்டை ஓட்டுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தேன். தவக்காலம் நாற்பது நாளும் அப்துல் ரஹீம் தன் பேக்கரியில் முட்டைகளை உடைக்காமல், இரண்டு பக்கமும் துளை போட்டு ஊதி எடுத்துவிட்டு, ஓடுகளை இந்த வீட்டுக்கென்று எடுத்து வைப்பார். "கைக்கு சாப், எதுக்கு இந்த வயசுல எனக்கு முட்டை ஊதற வேலை" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் ஒரு வருஷமும் தவறியதில்லை. வெங்காயத் தோலில் வேகவைத்தால் செம்பு நிறம், பீட்ரூட்டில் ரோஜா நிறம், மஞ்சளில் மஞ்சள். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி உள்ளே சோம்பு மிட்டாயை நிரப்பி, நூல் கட்டி, கொய்யாக் கிளையில் தொங்கவிட வேண்டும். தெருப் பிள்ளைகள் வந்து பறித்துக்கொள்வார்கள். கூடத்தில் ஆரோக்கியமேரி முக்காலி மேல் நின்று, தவக்காலத்துக்காகச் சாமி படங்களைப் போர்த்தியிருந்த ஊதாத் துணியை அவிழ்க்கலாமா, சாயங்காலம் வரை பொறுக்கலாமா என்று தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். லட்சுமணன் கல்லறைக்குக் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஊரின் மறுகோடியில் இருக்கும் கச்சிபௌலியிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினாள் அனுபமா. அங்கே ஏதோ கம்பெனியில் வேலை. வாரம் முழுக்க அங்கேயே தோழிகளோடு ஒரு ஃப்ளாட்டில் இருப்பாள். வாசலைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள்.

"டாடி, இது என்ன?"

"இன்னா, இன்னான்னு கேக்கற? கல்லறதான்" என்றார் லட்சுமணன். "இந்த வருஷம் ஒரு அடி ஒசத்திக் கட்டிக்கீறேன். நாளைக்கு ஹர்ஷா வூட்டுக்காரங்க வர்றாங்க இல்ல."

"டாடி! பொண்ணு பாக்க வர்றாங்க டாடி! வாசல்ல சமாதி இருந்தா என்ன நினைப்பாங்க?"

லட்சுமணன் பூச்சு மட்டையோடு அப்படியே நின்றார். முக்காலி மேல் ஆரோக்கியமேரியும் நின்றாள். என் கையில் ஒரு முட்டை ஓடு நொறுங்கியது. இத்தனை வருஷத்தில் அது சமாதி என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை. எங்களுக்கு அது வாசலில் போடும் கோலம் மாதிரி. மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல நாள் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னபோது, "ஈஸ்டர் அன்னிக்கா? ரொம்ப நல்லதாப் போச்சு, வீடே ஜோடிச்சு இருக்கும்" என்று சந்தோஷப்பட்டவள் ஆரோக்கியமேரி.

விஷயம் இதுதான். ஹர்ஷா மாரெட்பள்ளிப் பையன். ஐயங்கார் வீடு. அப்பா வரதராஜன் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா பத்மஜா. இரண்டு வருஷமாகச் சம்மதிக்காத பத்மஜா, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "ஒரு தடவை அவா வீட்டுக்கு வரேன். மனசு ஒப்பித்துன்னா சரி. ஒப்பலைன்னா இந்தப் பேச்சை நீ மறுபடியும் எடுக்கக் கூடாது." பையனும் சரி என்றிருந்தான். பெரியவர்கள் மனசு நோக நான் வர மாட்டேன் என்று அனுபமா முன்பே சொல்லியிருந்தாள். ஆக, நாளைக் காலை பத்தரைக்கு ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான் கெடு.

"எடுத்துடுங்க டாடி. ஒரே ஒரு வருஷம்."

"முடியாது."

"ப்ளீஸ்."

"ஒங்க தாத்தா வந்து ஒங்கம்மாவ கூட்டிக்கினு போவட்டும்னு சொல்றியா?"

"தாத்தா கல்லறைல இருக்கார், டாடி!"

"அதான் சொல்றேன். கல்லறைல கீறவருக்குக் கல்லறையப் பத்தி எல்லாம் தெரியும்."

லட்சுமணன் கோபம் வந்தால் கத்த மாட்டார். மட்டையை வைத்துவிட்டுக் குகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ஆரோக்கியமேரி வெளியே குந்தி, "வாங்க, கஞ்சி ஆறுது" என்று குகையைப் பார்த்துக் கெஞ்சினாள். உள்ளேயிருந்து, "வேணாம்" என்று எதிரொலியோடு பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குச் சாப்பாடாவது என்னா?" என்றும் வந்தது.

"வத்தக்குழம்பு, பருப்பு உசிலி, தயிர்சாதம்."

"நாப்பது நாளு கறி தின்னாம இருந்துட்டு, நாப்பத்தோராம் நாளு தயிர்சாதமா?"

"மட்டன எல்லாம் மசாலா தடவி கார்டு மாமா வூட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கீறேன். ராவுக்குத் தின்னலாம், வெளிய வாங்க."

லட்சுமணன் வெளியே வந்தார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். வருவது ஐயங்கார் வீடு. மலை மாதிரி இருக்கிறது. உச்சியில் ஒரு சின்னக் கோபுரம் வைத்து, படிக்கட்டு வரைந்து, இது திருப்பதி மலை என்று சொல்லிவிட்டால் என்ன?

"மாமா!" ஆரோக்கியமேரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஒரே நாள்ல ரெண்டு சாமி கிட்ட அடி வாங்கச் சொல்றீங்களா?"

கடைசியில் எடுக்கவும் வேண்டாம், காட்டவும் வேண்டாம் என்று தீர்மானம் ஆயிற்று. தெருவில் நாலு வீட்டில் குரோட்டன்ஸ் தொட்டி, பெயிண்ட் டின்னில் வளரும் மணிபிளாண்ட் எல்லாம் கடன் வாங்கி வந்து குகையைச் சுற்றி அடுக்கினோம். "ராக் கார்டன்னு சொல்லிக்கலாம்" என்றாள் அனுபமா. அடுக்கி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அவள் அந்தச் செடிகளையே பார்த்தபடி நின்றாள்.

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல தாத்தா. சின்ன வயசுல லீவு விட்டா நான் இதுக்குள்ளதானே இருப்பேன். டாடி பெந்தெகொஸ்தே வரைக்கும், அம்பது நாள், பிரிக்காம வெச்சிருப்பார். உள்ள சில்லுனு இருக்கும். என் பொம்மைங்க, தலகாணி எல்லாம் உள்ளதான். வாய்ப்பாடுகூட அதுக்குள்ள உக்காந்துதான் படிச்சேன். பதினாறாம் வாய்ப்பாடு சொன்னா இப்பவும் சாக்கு வாசனை வரும்." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப நானே செடி வெச்சு மறைக்கிறேன்."

நான் புறப்படும்போது ஆரோக்கியமேரி படிவரை வந்தாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நாளைக்கு ஒரு நாளு மட்டும் கதை எதுவும் சொல்லாதீங்க. அவங்க படிச்சவங்க. ரயில் வீடு, பாம்பு சிக்னல் காமிச்சது, எதுவும் வேணாம்."

"பாம்பு சிக்னல் காமிச்சது நெஜம்."

"நெஜமும் வேணாம் மாமா."

"அப்ப நான் வரவே வேணாமா?"

"ஐய, வரணும். நம்ம பக்கம் பெரியவங்கன்னு வேற யாரு கீறாங்க? வந்து உக்காந்து சிரிச்சா போதும்."

வாக்குக் கொடுத்தேன். சும்மா உட்கார்ந்து சிரிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அன்று சாயங்காலம் கண்ணாடி முன்னால் கொஞ்சம் பயிற்சி செய்துகொண்டேன்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்தார்கள். வீடு ஜொலித்தது. படங்கள் எல்லாம் ஊதாத் துணி கழற்றி முகம் காட்டின. ஒவ்வொன்றின் பின்னாலும் குருத்தோலைச் சிலுவை. கொய்யாக் கிளையில் முட்டை ஓடுகள் காற்றில் ஒன்றோடொன்று பேசின. நிலைக்கு மேலே சம்பங்கித் தோரணம். ஆரோக்கியமேரி பழக்கதோஷத்தில் மரக்குமிழுக்குப் பக்கத்தில் போய் நின்று மகளைப் பார்த்தாள். "சாயங்காலம் இழுத்துக்கலாம் மம்மி" என்றாள் அனுபமா. செடிகளுக்குப் பின்னால் கல் மூடியே இருந்தது.

"ஊருக்கெல்லாம் ஈஸ்டர் வந்துட்டுது. நம்ம வூட்டுக்குத்தான் இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியமேரி வத்தக்குழம்பைக் கவனிக்கப் போனாள்.

பத்து இருபத்தெட்டுக்குக் கார் வந்தது. ரயில்வேயில் இருந்திருக்க வேண்டியவர்கள். முதலில் ஹர்ஷா, முகத்தில் மூன்று நாள் தூங்காத களை. பிறகு வரதராஜன். ஒல்லி, வெள்ளை வேட்டி, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, எதையும் அவசரமாகப் பார்க்காத கண். கடைசியாகப் பத்மஜா. அரக்குப் பட்டு, கையில் தாம்பாளத்தில் பழம், பூ.

நாங்கள் எல்லோரும் கூடத்தில் வரிசையாக நின்று, அவர்கள் படியேறியதும் வரவேற்கலாம் என்று காத்திருந்தோம். அதுதான் தவறு. வாசலிலேயே போய் நின்றிருக்க வேண்டும்.

"செடியெல்லாம் என்ன அழகா வெச்சிருக்கா பாருங்கோ" என்று பத்மஜாவின் குரல் கேட்டது. ஆரோக்கியமேரி என் கையைக் கிள்ளினாள். சந்தோஷம்.

பத்மஜா படியேறினாள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் அழைக்காமல் நுழையக் கூடாது என்ற மரியாதை. அக்கம்பக்கம் பார்த்தாள். நிலைக்குப் பக்கத்தில் ஒரு கயிறு, நுனியில் வழவழவென்று ஒரு மரக்குமிழ். பழைய வீடுகளில் மணி இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். இழுத்தாள்.

முப்பத்தோரு வருஷத்தில் லட்சுமணனின் கல் அவ்வளவு நன்றாக உருண்டதில்லை. கடகடவென்று சத்தம். இரண்டு பெயிண்ட் டின் மணிபிளாண்ட்டோடு உருண்டு தெருவுக்குப் போயின. ஒரு குரோட்டன்ஸ் தொட்டி சாஷ்டாங்கமாக விழுந்தது. பல்ப் எரிந்தது. குகை வாயைத் திறந்து, மடித்த வெள்ளைத் துணியைக் காட்டிற்று.

"இது... என்ன, ஏதாவது கோவிலா?" என்றாள் பத்மஜா.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அனுபமா என் வம்சம் இல்லை. "கல்லறை, ஆன்ட்டி" என்றாள்.

"கல்லறைன்னா... சமாதியா?"

"காலிக் கல்லறதாம்மா" என்று லட்சுமணன் அவசரமாக முன்னால் வந்தார். "பயப்படாதீங்க. உள்ள யாரும் கெடையாது."

"காலியா இருக்குன்னா, யாருக்காகக் காத்துண்டிருக்கு?"

அனுபமா, பாவம், உண்மையால் காரியத்தைச் சரிசெய்யப் பார்த்தாள். "ஆன்ட்டி, அதுல பயப்பட ஒண்ணுமே இல்ல. சின்ன வயசுல லீவு முழுக்க நான் அதுக்குள்ளதான் இருப்பேன்."

"பெருமாளே! பொண்ணு சமாதிக்குள்ளயா வளர்ந்தா?"

தாம்பாளத்தோடு பத்மஜா படியிறங்கி, கொய்யா நிழலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன்னா, நான் உள்ள வரல்லை. இவாளைத் தப்பு சொல்லலை. நல்ல மனுஷாதான். ஆனா சுப காரியம் பேச வந்த வாசல்ல, என் கையாலயே சமாதியைத் திறந்திருக்கேன். நேக்கு படபடன்னு வரது. ஆத்துக்குப் போயிடலாம்."

"அம்மா, கொஞ்செம் வினு" என்று ஹர்ஷா தெலுங்கில் குழைந்தான். அவள் கேட்கவில்லை. ஸ்டேஷனில் ஏதோ வண்டி காலவரையறையின்றித் தாமதம் என்று அறிவிப்பு வந்தது. அனுபமா கண்ணைத் துடைக்காமல் நின்றாள். துடைத்தால் தெரிந்துவிடும் என்று. ஆரோக்கியமேரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், சிரித்தது போதும் என்று இருந்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

"அம்மா, இந்தக் கல்லறையைப் பத்தி உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றேன்.

"என்ன சொல்லணும்?"

"அறுபத்தேழாம் வருஷம். பரீட்சை முடிஞ்ச லீவு. மாரெட்பள்ளிலேருந்து ஒரு பையன், பத்து வயசு இருக்கும், நெத்தியில நாமம், ரயில் பாக்கறதுக்குன்னு தண்டவாளத்தோரமாவே நடந்து இங்க வந்துட்டான். ஈஸ்டருக்கு மொத நாள். சாயங்காலம் ஆலங்கட்டி மழை. ஒவ்வொரு கட்டியும் தேங்காய் சைசு. ஒண்ணு விழுந்து ஸ்டேஷன் மாஸ்டர் மேஜை ரெண்டாப் போச்சு. பையன் ஒதுங்க எடம் இல்லாம இந்தக் குகைக்குள்ள நுழைஞ்சான். அலுப்புல தூங்கிட்டான். உள்ள ஆள் இருக்கறது தெரியாம சூசைநாதன் கல்லை உருட்டி மூடிட்டார்."

பத்மஜா நிமிர்ந்தாள். "ஐயய்யோ, அப்புறம்?"

"அங்க அவன் வீட்ல ஊரெல்லாம் தேடறாங்க. அவன் அம்மா திருப்பதிக்கு வேண்டிக்கறாங்க. இங்க மறுநாள் காலைல பூசை முடிஞ்சு தெருவே கூடி நிக்குது. கயித்த இழுத்தாச்சு. கல் உருளுது. உள்ளேருந்து நாமத்தோட ஒரு பையன், வெளிச்சத்துக்குக் கண் கூசி, கையைக் கூப்பிக்கிட்டே எழுந்து வர்றான். ஏழு பாட்டிங்க அங்கேயே முட்டி போட்டாங்க. எட்டாவது பாட்டி அடுத்த வண்டில ஜோலார்பேட்டைக்கே போய்ட்டாங்க. பையனுக்கு ஒரு கீறல் இல்ல. ஆனா உள்ள வெச்சிருந்த முட்டை பன்னெண்டும் காலி. அதுக்கப்புறம் அவன் வீட்ல எல்லாமே நல்லதுதான் நடந்துதுன்னு கேள்வி. இந்தக் கல்லு யாரையும் உள்ள வெச்சுக்காதும்மா. வெளிய அனுப்பற கல்லு இது."

வாசகருக்கு மட்டும் இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் பிறந்தான். தையல்காரன் மாதிரி, எதிரே இருக்கும் ஆளைப் பார்த்து அளவெடுத்துக் கதை தைப்பது என் வழக்கம். நாமமும் மாரெட்பள்ளியும் அப்படி வந்தவை.

ஆரோக்கியமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். லட்சுமணன் வானத்தைப் பார்த்தார். பத்மஜா என்னையே சந்தேகமாகப் பார்த்தாள். கதையில் ஒரு முட்டை அதிகமாகிவிட்டது என்று எனக்கே பட்டது.

அப்போது ஒரு குரல். "முட்டை இல்லை சார்."

வரதராஜன். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"முட்டை ஓடு" என்றார் நிதானமாக. "உள்ள சோம்பு மிட்டாய். பன்னெண்டும் இல்லை, ஒன்பதுதான் தின்னேன். மூணு ட்ராயர் பாக்கெட்ல இருந்தது." மனைவி பக்கம் திரும்பினார். "பத்மா, அந்தப் பையன் நான்தான்."

ஐம்பது வருஷமாகக் கதை சொல்கிறேன். அதற்குள்ளிருந்து ஒரு ஆள் எழுந்து வந்து எதிரே நின்றது அதுவே முதல் தடவை.

"நீங்களா?" பத்மஜா எழுந்துவிட்டாள். "கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் ஆறது. ஒரு தடவைகூட சொன்னதில்லையே!"

"சமாதிக்குள்ள படுத்துத் தூங்கினவன்னு சொல்லியிருந்தா, உங்கப்பா எனக்குப் பொண்ணு குடுத்திருப்பாரா?"

பத்மஜா யோசித்தாள். "குடுத்திருக்க மாட்டார்" என்று ஒப்புக்கொண்டாள். "உள்ள பயமா இல்லையா?"

வரதராஜன் குகைப் பக்கம் பார்த்தார். ஓரக்கண்ணால் அளவெடுத்ததை நான் கவனித்தேன். "இல்லை. சம்பங்கி வாசனை. ஈரச் சாக்கு வாசனை. சில்லுனு இருந்தது. ஆத்துக்குப் போனப்புறம் அம்மா கட்டிண்டு அழுதா. அழுதுண்டே ரெண்டு அறை விட்டா. அந்த அறைதான் வலிச்சது."

"உங்கம்மா அறைவா" என்றாள் பத்மஜா, அதில் மட்டும் சந்தேகமில்லாமல்.

தாம்பாளத்தை ஹர்ஷாவிடம் கொடுத்துவிட்டுக் குகைக்குப் பக்கத்தில் போனாள். குனிந்தாள். கையை உள்ளே விட்டு மடித்த துணியைத் தொட்டாள். "நெஜமாவே சில்லுனுதான் இருக்கு" என்றாள். "இவ்வளவு சின்ன எடத்துல எப்படின்னா படுத்துண்டேள்?"

"நானும் அப்போ சின்னதா இருந்தேன்."

லட்சுமணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அம்மா, ஒண்ணு சொல்லலாமா? எங்க வூட்ல இந்தக் கயித்த எல்லாரும் இழுக்க மாட்டாங்க. வூட்டுக்குப் புதுசா யாரு வர்றாங்களோ அவங்கதான். எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் நான் இழுத்தேன். இது பொறந்தப்ப இது இழுத்துச்சு. இருவத்தெட்டு வருஷமா புதுசா யாரும் வரல. இன்னிக்கு நீங்க இழுத்தீங்க."

"நான் காலிங்பெல்னு நினைச்சு இழுத்தேன்."

"எதுன்னு நெனச்சா இன்னாம்மா? இழுத்துட்டீங்களே. எங்க மாமனாரு இருந்தா கணக்குல எடுத்துக்குவாரு."

பத்மஜா கொய்யாக் கிளையில் ஆடிய ஓடுகளைப் பார்த்தாள். அனுபமாவைப் பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் கண்ணைத் துடைக்கவில்லை.

"இதை மறுபடியும் மூட முடியுமா?"

"எதுக்கும்மா?" என்றார் லட்சுமணன், முகம் விழுந்துபோய்.

"பதட்டத்துல நான் சரியாவே பார்க்கலை. மூடுங்கோ. அனுபமா, நீ இங்க வா. இதை எப்படிப் பிடிக்கணும்?"

லட்சுமணனும் ஹர்ஷாவும் கல்லைத் தள்ளி ஆப்பு வைத்தார்கள். பத்மஜா குமிழைப் பிடித்தாள். அவள் கையின் மேல் அனுபமா கை வைத்தாள். இரண்டாம் தடவையும் கல் உருண்டது. தெருப் பிள்ளைகள் அதற்கென்றே காத்திருந்தது போல ஓடிவந்து கொய்யாக் கிளையை மொய்த்தார்கள். "ஹேப்பி ஈஸ்டர் மாமா" என்று கத்தியபடி ஆரோக்கியமேரி என்னைக் கடந்து ஓடினாள். கதை சொன்னதற்குத் திட்டு பிறகு வரும் என்று புரிந்தது. பத்மஜா வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வத்தக்குழம்பு இரண்டாம் தடவை கேட்டு வாங்கப்பட்டது. லட்சுமணன் தயிர்சாதத்தைப் பிரசாதம் போல் மூன்று முறை வாங்கினார். ஆவணியில் ஒரு தேதியும் பேசப்பட்டது. "வர்ற வருஷமும் நான்தான் இழுப்பேனா?" என்று பத்மஜா கேட்டதற்கு, "வேற யாராவது வர்ற வரைக்கும் நீங்கதான்" என்றாள் ஆரோக்கியமேரி. அனுபமா சமையலறைக்கு ஓடிவிட்டாள்.

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். பத்மஜாவும் ஹர்ஷாவும் காரில் ஏறிவிட்டார்கள். வரதராஜன் செருப்பைத் தேடுகிற சாக்கில் என் பக்கம் ஒதுங்கினார்.

"சார், எந்த வருஷம்னு சொன்னேள்?"

"அறுபத்தேழு."

"அறுபத்தேழுல நான் கும்பகோணத்துல அஞ்சாங்கிளாஸ் படிச்சிண்டிருந்தேன். இந்த ஊரை நான் பார்த்ததே வேலைக்கு வந்தப்புறம்தான். சோம்பு மிட்டாய், வரும்போது அந்தக் கொய்யாக் கிளைல பார்த்தது." செருப்பை மாட்டிக்கொண்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ரெண்டு வருஷமா அவ தேடிண்டிருந்தது வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் இல்லை. அது அவகிட்ட நிறையவே இருந்தது. சரின்னு சொல்றதுக்கு ஒண்ணு வேண்டியிருந்தது."

நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். என்னைவிடப் பெரிய கதைக்காரனைப் பார்ப்பதும் அதுவே முதல் தடவை.

"ஏன்னா, வரேளா?" என்று காரிலிருந்து குரல் வந்தது. "நேக்கு இன்னும் கேக்க வேண்டியது நிறைய இருக்கு."

வரதராஜன் குரலைத் தாழ்த்தினார். "பார்த்தேளா? போற வழியெல்லாம் கேப்பா. பாக்கெட்னு வேற வாயை விட்டுட்டேன். சீக்கிரம் சொல்லுங்கோ. அந்தப் பையன் ட்ராயர் என்ன கலர்?"

"பச்சை" என்றேன். "கார்டு கொடித் துணில தைச்சது."

"பச்சை" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, வேட்டி நுனியைப் பிடித்தபடி காரில் ஏறினார். கதவு சாத்தப்பட்டது. பழக்கதோஷத்தில் நான் கையை உயர்த்தி அசைத்தேன். வண்டி கிளம்பியது.